1/72 பெல் எக்ஸ்-1: சாம்பல் பிரைமர் மேல் ஆரஞ்சு பிடிக்கவில்லை

நீலாங்கரை · அக்டோபர் 9, இரவு 10.15

தமியா 1/72 பெல் எக்ஸ்-1 கிட். ஒலிவேகத்தைத் தாண்டின அமெரிக்க ராக்கெட் விமானம், அசலில் 72இல் ஒரு பங்கு அளவு பிளாஸ்டிக் மாடல். உடல் ஒட்டி, சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) அடிச்சாச்சு. மேலே தமியா பெயிண்ட் எக்ஸ்-6 ஆரஞ்சு, ஏர்பிரஷ்ஷில். நிறம் செங்கல் பக்கம் போகுது. கோட் ஏத்தினா ஓரம் வழியுது, நடுவில் இன்னும் சாம்பல் எட்டிப் பார்க்குது. தனித் துண்டில் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிச்சுப் பார்த்தா வெள்ளையா பூக்குது. பெயிண்ட்டா, தின்னரா, நம்ம ஊர் காத்தா?

இன்னொன்னு. இது சோதனை விமானம், போர் விமானம் மாதிரி சேற்றில் கிடக்காது. அதனால புகை, அழுக்கு, உறைபனி எதுவும் போடாம பளபளன்னு விடலாம்னு இருக்கேன். அதுதான் சரின்னு என் கட்சி.

திருவான்மியூர் 72 · அக்டோபர் 9, இரவு 11.40

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. காரணம் சாம்பல் பிரைமர். ஆரஞ்சு நிறமி அடியை மறைக்காது. ஒளி அதற்குள் புகுந்து அடிப்பூச்சில் பட்டுத் திரும்புகிறது. அடியில் சாம்பல் இருந்தால் பாதி ஒளி அங்கேயே தங்கிவிடும், மேலே பழுப்பு தெரியும். மறைகிற வரை ஏற்றிக்கொண்டே போனால் பேனல் கோடுகள் நிரம்பிப் போகும்.

உரிக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 1500 வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டு வழிந்த ஓரங்களை மட்டும் இறக்குங்கள். பிறகு பிங்க் பிரைமர். வெள்ளையும் நடக்கும், ஆனால் வெள்ளை மேல் ஆரஞ்சு மஞ்சள் பக்கம் சாயும். எக்ஸ்-1க்கு வேண்டியது சிவப்பு பக்கம் சாய்ந்த ஆரஞ்சு. தமியா பிங்க் ஸ்ப்ரே கிடைக்கவில்லை என்றால் வெள்ளை லாக்கர் பிரைமர் பத்துப் பங்குக்கு அதே வகை சிவப்பு ஒரு பங்கு. உங்கள் ஆரஞ்சு அக்ரிலிக்; அதன் மேல் காட்டமான தின்னர் கொண்ட லாக்கர் போகிறது என்பதால் முதல் இரண்டு முறை தூசி போல, ஈரம் தெரியாமல் போகட்டும். நனைய அடித்தால் கீழே உள்ள ஆரஞ்சு சுருங்கி வெடிக்கும்.

மேல் ஆரஞ்சுக்கு: எக்ஸ்-6 ஐந்து பங்கு, எக்ஸ்-7 சிவப்பு ஒரு பங்கு. இதைத் தொடக்கமாக வைத்துத் தனித் துண்டில் பாருங்கள். சிறிய மாடலில் நிறம் அடர்த்தியாகத் தெரிகிறதென்று இளக்க நினைத்தால் வெள்ளை சேர்க்காதீர்கள், பழுத்த பப்பாளி நிறம் வந்துவிடும். ஒரு சொட்டு எக்ஸ்-8 மஞ்சள் போதும். பெயிண்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்றரை, 0.3 நாசில், 15 பிஎஸ்ஐ, ஆறேழு சென்டிமீட்டர் தூரம். முதல் கோட் திட்டுத் திட்டாகத்தான் இருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பயந்து அங்கேயே இன்னொரு ஓட்டு ஓட்டுவதால்தான் வழிகிறது. பத்து நிமிடம் இடைவெளி விட்டு நாலைந்து கோட்.

ஓரங்களை முதலில் அடியுங்கள்: இறக்கையின் முன்விளிம்பு, வால் விளிம்பு. கூரான விளிம்பில் ஈரப் பெயிண்ட் நிற்காமல் பின்வாங்கும். கடைசியில் அங்கே மட்டும் வெளிர்க் கோடு தெரியும்.

கடையில் பெயிண்ட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: தமியா எண்வரிசையில் எக்ஸ்-1 என்பது பளபளப்புக் கறுப்பு.

ஆவடி கொட்டகை · அக்டோபர் 10, காலை 6.25

வெள்ளையா பூத்ததுக்கு நம்ம ஊர் காத்துதான் காரணம். லாக்கர் தின்னர் வேகமா ஆவியாகும்போது பரப்பு குளிருது. காத்துல ஈரம் நிறைய இருந்தா அந்தக் குளிர்ச்சியில தண்ணி கோத்துக்கிட்டு பூச்சுக்குள்ளயே மாட்டிக்கும். அரிசி கழுவின தண்ணி மாதிரி ஒரு மங்கல். அது கெட்டுப் போகல, சரி பண்ணலாம். மழை விட்ட மதியமா பார்த்து, ரிடார்டர் (ஆவியாவதைத் தாமதிக்கிற திரவம்) கலந்த லெவலிங் தின்னரை மட்டும் அதே இடத்துல மெல்லிசா ஒரு ஓட்டு ஓட்டு. பூச்சு மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, தெளிவாயிடும். அக்ரிலிக் கிளியரா இருந்தா இது நடக்காது, தேய்ச்சு எடுக்கணும்.

நேரம் முக்கியம் தம்பி. விடியக்காலை ஈரம் உச்சத்துல இருக்கும். காலை பத்து மணியிலேர்ந்து கடல்காத்து உள்ள வர்றதுக்கு முன்னாடி வரைக்கும் நல்ல நேரம். நீலாங்கரையில கடல்காத்து முதல்ல வந்து நிக்கும், எங்க ஆவடிக்கு அது வர்றதுக்குள்ள எங்களுக்கு ஒரு கோட் கூடுதலா கிடைச்சிரும். வடகிழக்குப் பருவம் தொடங்கிட்டா அந்தக் கணக்கும் போச்சு, ஏசி அறைதான். ஏசி ஓடுற அறையில ஈரம் குறையும். ஆனா லாக்கர் அடிக்கிறப்ப புகையை வெளியில தள்ள ஒரு எக்ஸாஸ்ட் கட்டாயம் வேணும், மாஸ்க்கும் போட்டுக்க.

திருவான்மியூர் 72 · அக்டோபர் 10, மதியம் 1.05

ஆவடிக்காரர் சொன்னதோடு கம்ப்ரசரையும் பாருங்கள். சின்ன கம்ப்ரசர்களில் தண்ணீர் வடிகட்டி, காற்று வெளியே வரும் வாயிலேயே இருக்கும். அங்கே காற்று இன்னும் சூடு, ஈரம் ஆவியாகவே அதைத் தாண்டிப் போய்விடும். குழாயில் ஆறிய பிறகுதான் சொட்டாக மாறி, நேராக இறக்கை மேல் துப்பும். மூன்று மீட்டர் குழாய் விட்டு, ஏர்பிரஷ் கைப்பிடிக்குக் கீழே இரண்டாவது வடிகட்டி ஒன்றை மாட்டுங்கள். டேங்க் இருந்தால் ஒவ்வொரு முறையும் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.

மருந்துக்கடை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தின்னராக ஊற்றுகிறவர்கள் பலர். தமியா அக்ரிலிக்குக்கு அது வேலை செய்யும், விலையும் குறைவு. சென்னை வெயில் காலத்தில் மட்டும் அது சிக்கல்: சொட்டு இறக்கையைத் தொடும் முன்பே காய்ந்து மணல் மணலாக விழும். பளபளப்பு ஆரஞ்சுக்கு வேண்டாம்.

வண்டி பெயிண்ட் கடையில் தரும் என்சி தின்னரை நேராக பிளாஸ்டிக் மேல் விடவே கூடாது. கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினைக் கரைக்கும். ஏர்பிரஷ் கழுவ மட்டும் அது.

பெரம்பூர் பட்டறை · அக்டோபர் 11, இரவு 9.00

பெயிண்ட் பற்றி இவ்வளவு பேச்சு, ஒட்டுக்கோடு பற்றி யாரும் கேட்கவில்லை. எக்ஸ்-1 உடல் 0.50 அங்குலத் துப்பாக்கித் தோட்டாவின் வடிவத்தில் வரையப்பட்டது. தட்டையான இடமே கிடையாது. உடலின் இரு பாதிகளும் சேரும் ஒட்டுக்கோடு மேலேயும் கீழேயும் ஓடும். தட்டைக் கட்டையில் பேப்பர் சுற்றித் தேய்த்தால் கோடு போகும், கூடவே வட்டமும் போகும். குறுக்குவெட்டு முட்டை ஆகிவிடும். பேப்பரை ஒரு விரல் அகலப் பட்டையாக நறுக்கி, பின்னால் செலோடேப் ஒட்டி, உடலைச் சுற்றிக் குறுக்காக இழுக்க வேண்டும். 400, 600, 1000, 1500.

இடுக்கு நிரப்ப ஃபெவிக்விக்கும் டால்கம் பவுடரும் கலந்த குழம்பு. ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, பக்கத்துப் பிளாஸ்டிக்தான் தேயும். வண்டிக்குப் போடும் என்சி புட்டி வேண்டுமானால் ஒரு இரவு காத்திருங்கள். அது சுருங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டால் பளபளப்பு ஆரஞ்சுக்குக் கீழே ஒரு வாரம் கழித்து அதே கோடு திரும்ப எழும். வெளிர் நிறத்தில் ஒட்டுக்கோடு தெரியாது, அதனால் பிங்க் போடுவதற்கு முன் சாம்பல் பிரைமர் போட்டதில் தவறே இல்லை. குறையைக் காட்டுவது சாம்பல், நிறத்தைத் தாங்குவது பிங்க். இரண்டும் வேண்டும்.

சக்கரத்தில் நிறுத்தும்போது வால் பக்கம் சாயாமலிருக்க மூக்கில் எடை வைத்தீர்களா?

நீலாங்கரை · அக்டோபர் 11, இரவு 9.20

வைக்கல. சக்கரம் இன்னும் மாட்டல. உடல் மூடியாச்சு.

பெரம்பூர் பட்டறை · அக்டோபர் 11, இரவு 10.10

முன்சக்கர இடைவெளி வழியாக இன்னும் உள்ளே போகலாம். காசிமேடு பக்கம் மீன்பிடிச் சாமான் கடைகளில் தூண்டில் ஈயக் குண்டு எடை கணக்கில் கிடைக்கும், மிகச் சிறியதாகக் கேளுங்கள். எவ்வளவு வேண்டும் என்று கிராம் கணக்கில் யாரும் சொல்ல முடியாது. பெரிய சக்கரம் நிற்கும் கோட்டுக்குக் கீழே ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து, விமானத்தை அதன் மேல் நிறுத்தி, மூக்கின் மேல் குண்டுகளை டேப்பால் ஒட்டிப் பாருங்கள். மூக்கு தாழ்ந்த பிறகு இன்னும் கால் பங்கு சேருங்கள். உள்ளே போனால் பின்னால் தள்ளி உட்காரும், அதற்கு ஈடு.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை, ஃபெவிகால், எதுவும் கூடாது. அரால்டைட் மட்டும். வெள்ளைப் பசையிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக மாற்றும். அந்தப் பொடிக்கு இடம் அதிகம் வேண்டும். சில வருஷத்தில் மூக்கு ஒட்டுக்கோட்டோடு பிளந்துகொள்ளும். ஈரமான ஊரில் இது இன்னும் சீக்கிரம்.

திருவான்மியூர் 72 · அக்டோபர் 12, மாலை 5.30

இப்போது இரண்டாவது கேள்வி. இந்த இழையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

"சோதனை விமானம், அதனால் சுத்தம்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. சோதனை விமானம் ஒவ்வொரு பறத்தலுக்கும் வேறு தோற்றத்தில் இருக்கும். ஒரு படையணியில் ஐம்பது விமானம் ஒரே நிறத்தில் நிற்கும். இங்கே ஒரே விமானம் ஐம்பது விதமாக நிற்கும். அதனால் பெயிண்ட் கலக்கும் முன் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாள் முடிவானால் உறைபனி, சின்னம், சக்கரம் எல்லாம் தானாக முடிவாகிவிடும்.

எக்ஸ்-1 முதல் விமானம் 46-062. வாலில் 6062 என்று எழுதியிருக்கும். 1946 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் பைன்கேஸில் தளத்தில் பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து விடுபட்டு, எஞ்சினை இயக்காமல் சறுக்கிப் பறந்தது. எரிபொருள் இல்லை, திரவ ஆக்சிஜன் இல்லை, எனவே உறைபனிக்கு வழியே இல்லை. உங்களுக்குச் சுத்தமான விமானம்தான் வேண்டுமென்றால் இந்த நாட்களைச் செய்யுங்கள், முழு உரிமை உண்டு. ஆனால் அப்போது மூக்கில் "கிளாமரஸ் கிளெனிஸ்" பெயர் (விமானி யேகர் பின்னாளில் தன் மனைவி பெயரால் வைத்தது) இருக்கக்கூடாது. நட்சத்திரச் சின்னத்தின் இரு பக்கப் பட்டையில் சிவப்புக் கோடும் கூடாது. அந்தச் சிவப்புக் கோடு 1947 ஜனவரியில்தான் அமெரிக்கச் சின்னத்தில் சேர்ந்தது. கிட்டில் வரும் டெக்கலை (நனைத்து ஒட்டும் சின்னங்கள்) அப்படியே ஒட்டிவிட்டு "1946" என்று பலகை வைத்தால் பொருந்தாது.

1947 அக்டோபர் 14, கலிபோர்னியாவின் மூரோக் தளம், விமானி சக் யேகர், மாக் 1.06 (ஒலிவேகத்தின் 1.06 மடங்கு), சுமார் 43,000 அடி. பெரும்பாலோர் செய்வது இந்த நாள். இதற்கு உறைபனி இல்லாமல் செய்தால் எஞ்சினுக்கு ஆக்சிஜன் ஏற்றவில்லை என்று பொருள். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. அந்தத் தொட்டி விமானி அறைக்குப் பின்னால், இறக்கைக்கு முன்னால் இருக்கிறது. பின்பக்கத் தொட்டியில் தண்ணீர் கலந்த எத்தில் ஆல்கஹால், அது குளிர்வதில்லை. ஆகவே வெண்மை முன் பாதியில் ஒரு வளையமாக மட்டும். இறக்கைக்குப் பின்னாலும் தூவி வைத்த மாடல்களைப் பார்க்கிறேன், அங்கே அதற்கு வேலை இல்லை.

சக்கரம் இறங்கி நிற்கும் மாடலில் முழு வெண்பட்டை போடுவதற்கும் நான் எதிர்ப்பு. தரை இறங்கும்போது ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். அப்போது மிச்சம் இருப்பது சிதறிய வெள்ளைத் திட்டுகளும் ஈரமும்தான். முழு வெண்பட்டை வேண்டுமென்றால் சக்கரத்தை மூடித் தாங்கியில் பறக்க விடுங்கள்.

மயிலை மாடவீதி · அக்டோபர் 12, இரவு 8.15

சக்கரத்தோடு முழு உறைபனிக்கு ஒரு நாள் இருக்கு. 1949 ஜனவரி 5. அன்னிக்கு பி-29 இல்லை. யேகர் இதே 062ஐ தரையிலிருந்தே ராக்கெட்டில் கிளப்பி, சுமார் 90 விநாடியில் 23,000 அடி ஏறினார். ஓடுபாதையில் ஆக்சிஜனோடு, சக்கரத்தோடு நின்ற விமானம். டையோராமா (சுற்றுப்புறத்தோடு காட்சி) செய்றவங்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது, தாய் விமானம் செய்ய வேண்டிய பாரமும் இல்லை.

திருவான்மியூர் 72 · அக்டோபர் 12, இரவு 8.50

ஆமாம், அது முழுக்கப் பொருந்தும். என் எதிர்ப்பு 1947 பலகை வைத்த மாடல்களுக்கு மட்டும் என்று திருத்தி வாசியுங்கள். 1949க்குச் செய்தால் டயரில் வறண்ட ஏரிப் படுகையின் வெளிர் புழுதி, எக்ஸ்எஃப்-57 பஃப்பை மிக நீர்த்து. நம் ஊர் செம்மண் நிறம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். அந்தப் படுகை வெளுத்த களிமண்.

ஆவடி கொட்டகை · அக்டோபர் 13, காலை 6.40

உறைபனிக்கு சமையல் சோடா தூவுறவங்க இருக்காங்களே, அதைப் பத்தி?

திருவான்மியூர் 72 · அக்டோபர் 13, இரவு 10.30

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேண்டாம் என்று வரும். சோடாத் துகள் ஒன்று 0.1 மில்லிமீட்டர் என்றாலும் 1/72இல் அது 7 மில்லிமீட்டர் கட்டி. உண்மையான உறைபனி சில மில்லிமீட்டர் தடிமன் என்றால் மாடலில் அது 0.05ஐத் தாண்டாது, பெயிண்ட் பூச்சின் தடிமனே அதற்குப் போதும். சோடா ஈரத்தையும் இழுக்கும், நாளாக மஞ்சளும் ஆகும். 1/32 ரெவல் கிட்டில் வேண்டுமானால் மிக நுண்ணிய கண்ணாடி மைக்ரோபலூன் துளி, மேட் வார்னிஷ்ஷில் கலந்து.

திரவ ஆக்சிஜன் பனி எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க நம் ஊரிலேயே வழி இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளின் பின்புறம் ஆக்சிஜன் தொட்டிக்குப் பக்கத்தில் துடுப்புத் துடுப்பாக ஆவியாக்கிக் குழாய்கள் நிற்கும். வெளியிலிருந்தே தெரியும். அதன் மேல் விளிம்பு எப்படி மெல்ல மறைகிறது, வெள்ளைக்கும் ஈரத்துக்கும் நடுவே சாம்பல் போல் ஒரு பட்டை எப்படி வருகிறது என்று கவனியுங்கள். ஆனால் தடிமனை அங்கிருந்து எடுக்காதீர்கள். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் பனி கனமாகக் கட்டும். மூரோக் பாலைவனம், காற்று வறண்டது, பனி மெல்லிசு. அடியில் ஆரஞ்சு கொஞ்சம் தெரியத்தான் வேண்டும்.

செய்முறை: ஆரஞ்சு முடிந்து, டெக்கல் ஒட்டி, எக்ஸ்-22 கிளியர் போட்டு இரண்டு நாள் காய்ந்த பிறகு. எக்ஸ்எஃப்-2 மேட் வெள்ளை ஒரு பங்கு, தின்னர் நான்கு பங்கு, 10 பிஎஸ்ஐ. வளையத்தின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் போகப் போகக் கையை விரைவாக்குங்கள். மாஸ்கிங் டேப் வேண்டாம், கூர் விளிம்பு வந்தால் அது பனிபோல் இருக்காது, பட்டை பெயிண்ட் அடித்ததுபோல் நிற்கும். அடுத்து பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் சிறு துண்டு கிள்ளி, கிட்டத்தட்ட உலர்ந்த வெள்ளையைத் தொட்டு விளிம்பில் மட்டும் ஒற்றி எடுங்கள். அதிகமானால் எக்ஸ்-20ஏ (தமியா அக்ரிலிக் தின்னர்) நனைத்த பட்ஸ் கொண்டு உடனே துடைக்கலாம்; கீழே கிளியர் காய்ந்திருப்பதால் ஆரஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. கிளியர் அடுக்கு போடாமல் வேலை செய்பவர்கள்தான் இந்த இடத்தில் ஆரஞ்சையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள்.

பனி முடிந்த பிறகு மேலே மறுபடி கிளியர் அடிக்க வேண்டாம். மேட் வெள்ளைக்கும் பளபளப்பு ஆரஞ்சுக்கும் உள்ள வித்தியாசமே பனியாகத் தெரிய வைக்கிறது.

நீலாங்கரை · அக்டோபர் 15, இரவு 9.45

பிங்க் மேல் ஆரஞ்சு அழகா உட்கார்ந்திருக்கு. அக்டோபர் 14, 1947, சக்கரம் மூடி, பறக்கிற நிலை. டெக்கல் ஒட்டலாமா? தாள் லேசா மஞ்சளா இருக்கு.

மயிலை மாடவீதி · அக்டோபர் 15, இரவு 10.20

மஞ்சள் போக: ஜிப் கவரில் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் அச்சிட்ட பக்கம் வெயிலைப் பார்க்கிற மாதிரி டேப் போட்டு ஒட்டுங்க. மேற்கு ஜன்னல், நல்ல வெயில் நாலைந்து நாள். தாள் வெளுத்துடும். மழை நாளில் ஜன்னலை விட்டு எடுத்துடுங்க, கவருக்குள் ஈரம் போனா டெக்கல் தாளோடு ஒட்டிக்கும்.

பெரிய விஷயம் வேற. வெள்ளை டெக்கல் முழுசா மறைக்காது. ஆரஞ்சு மேல் நட்சத்திரம் ஒட்டினா வெள்ளை பீச் நிறத்தில் தெரியும். ரெண்டு வழி. ஒண்ணு, சின்னத்தைவிட ஒரு நூல் சின்னதா மாஸ்க் வெட்டி அடியில் வெள்ளை அடிச்சுட்டு மேலே டெக்கல். இன்னொண்ணு, கூடுதல் தாள் இருந்தா அதே டெக்கலை ஒண்ணு மேல் ஒண்ணு. இரண்டாவது வழியில் தடிமன் கூடும், விளிம்பு தெரியும். நான் மாஸ்க் கட்சி.

உடல் வளைவு அதிகம்கிறதால மென்மையாக்கும் திரவம் தேவைப்படும். தமியா டெக்கல் தடிமன், ஒரே தடவையில் படியாது. திரவம் போட்டதும் சுருங்கி நெளியும், அப்போ கை வைக்கக்கூடாது. தானா இறங்கும்.

பெரம்பூர் பட்டறை · அக்டோபர் 16, காலை 7.30

மூக்கில் நீளும் பிட்டோ குழாயை (காற்றுவேகம் அளக்கும் குழாய்)க் கிட் பிளாஸ்டிக்கில் விடாதீர்கள், துடைக்கும் துணி பட்டாலே போய்விடும். மருந்துக்கடை ஊசி எடுங்கள். 23 கேஜ் ஊசியின் வெளி விட்டம் 0.64 மில்லிமீட்டர், உள் விட்டம் 0.34. அதற்குள் 30 கேஜ், 0.31, இறுக்கமாக நுழையும். இரண்டும் சேர்ந்தால் படிப்படியாக மெலியும் குழாய் தயார். 1/72இல் நுனி 22 மில்லிமீட்டர் குழாயாக நிற்கும். கட்டிங் பிளையரில் வெட்டினால் வாய் நசுங்கும். கண்ணாடி மேல் வைத்து முக்கோண அரத்தை உருட்டிக் கீறி ஒடிக்க வேண்டும். சாய்வான கூர்முனையை முதலில் ஒடித்து எறியுங்கள், அதுவும் மூடியோடு. உள்ளே ஒரு சென்டிமீட்டர் போகும்படி துளை போட்டு அரால்டைட். நேராக இருக்கிறதா என்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு முறை பாருங்கள், காய்ந்த பிறகு வளைக்க முடியாது.

எந்தச் சோதனை விமானத்துக்கும் இதே வழிதான். தேஜாஸின் முதல் தொழில்நுட்பச் செயல்விளக்க விமானம் டிடி-1, கேஎச்2001, 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் பறந்தபோது மூக்கில் நீண்ட அளவைக் குழாய் இருந்தது. அந்தக் குழாய் இல்லாமல் டிடி-1 செய்தால் அது வெறும் தேஜாஸ்.

ஆவடி கொட்டகை · அக்டோபர் 16, இரவு 8.10

தேஜாஸ்ல இருக்கிற அதே எஃப்404 எஞ்சின் குடும்பம்தான் முன்னோக்கி வளைஞ்ச இறக்கை வெச்ச எக்ஸ்-29லயும் இருக்கு. 1984 டிசம்பர் 14ல முதல் பறத்தல். மூக்குப் பகுதி எஃப்-5ஏ, சக்கரம் எஃப்-16. ஹாசேகாவா 1/72 இருக்கு. அடுத்து அதைச் செய்யலாம்னா வெள்ளை பெயிண்ட் பாடு தனிக் கதை.

திருவான்மியூர் 72 · அக்டோபர் 16, இரவு 11.15

நாளைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சொன்னதற்கு எக்ஸ்-15ஐவிடச் சிறந்த சாட்சி இல்லை. மூன்று விமானங்கள், 199 பறத்தல்கள். உடல் இன்கோனல் எக்ஸ் உலோகம், கறுப்புத் தோற்றம். ஆனால் எக்ஸ்-15ஏ-2 1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட்டுடன் மாக் 6.70 தொட்டபோது முழுக்க வெள்ளை. வெப்பத்தில் தானே எரிந்து உடலைக் காக்கும் பூச்சு ஒன்று பூசியிருந்தார்கள், அது இளஞ்சிவப்பு. அதன் மேல் வெள்ளைக் காப்புப் பூச்சு. இறங்கியபோது வெள்ளை கருகியிருந்தது, அடி வாலில் பெருஞ்சேதம். காலையில் ஒரு விமானம், மதியம் வேறு விமானம். கிளம்பும் முன் செய்தால் மாசற்ற வெள்ளை, கீழே வெளித் தொட்டிகள் இரண்டு. இறங்கிய பின் செய்தால் தொட்டி கிடையாது, கருகல் உண்டு. இரண்டையும் கலந்து கருகிய உடலோடு தொட்டி மாட்டினால் எந்த நாளும் இல்லை.

எக்ஸ்-1க்கே திரும்பினால், இரண்டாம் விமானம் 46-063 நாக்காவின் (நாசாவுக்கு முந்தைய அமெரிக்க விமான ஆய்வு அமைப்பு) கையில் வெள்ளை நிறத்தில் பறந்தது. ஆரஞ்சு வேண்டாம் என்பவர்கள் அதைச் செய்யலாம், ஆனால் நிறத்தை மட்டும் மாற்றினால் முடியாது. 062இன் இறக்கைத் தடிமன் அகலத்தில் 8 சதவீதம், 063இல் 10. பரப்பு 130 சதுர அடி, விரிவு 28 அடி. சராசரி அகலம் 1/72இல் 20 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக ஒன்றில் தடிமன் 1.6 மில்லிமீட்டர், மற்றதில் 2. இந்த 0.4 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியுமா என்றால் முன்னால் நின்று பார்க்கும்போது தெரியும். ஒலிவேகத்தைத் தாண்ட எவ்வளவு மெல்லிய இறக்கை வேண்டும் என்பதுதான் அந்த இரு விமானங்களுக்கும் இடையே கேட்கப்பட்ட கேள்வி. அதனால் எனக்கு அந்த 0.4 பெரிது.

மயிலை மாடவீதி · அக்டோபர் 17, காலை 9.00

தடிமன் கூட்ட 0.2 பிளாஸ்டிக் தாளை மேலும் கீழும் ஒட்டி வளைவு தேய்க்கலாம். பேனல் கோடு எல்லாம் மறுபடி கீற வேண்டியிருக்கும். வேலை அதிகம், செய்தா சிறப்பு.

நீலாங்கரை · நவம்பர் 2, இரவு 9.30

மழையில் ரெண்டு வாரம் தூங்கிப் போச்சு. இப்போ டெக்கல், கிளியர், பனி எல்லாம் முடிஞ்சது. தாங்கிக்கு எங்கே துளை போடுறது? வால் பக்கம் எஞ்சின் வாய் வழியா கம்பி விடலாமா?

பெரம்பூர் பட்டறை · நவம்பர் 2, இரவு 10.00

வால் பக்கம் கூடாது. எக்ஸ்எல்ஆர்-11 எஞ்சினுக்கு நாலு தனித்தனி வாய், ஒவ்வொன்றும் 1,500 பவுண்டு உந்துவிசை. ஒன்றில் கம்பி விட்டால் நாலின் ஒழுங்கு போய்விடும். எடை எல்லாம் மூக்கில் இருக்கும்போது வாலில் பிடித்தால் கம்பியும் வளையும்.

வயிற்றில், இறக்கையின் முன் கால்வாசிக்கு நேர் கீழே. விரலில் நிறுத்திச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், டேப் மேல் குறி போட்டு டேப்போடு சேர்த்துத் துளையுங்கள், பெயிண்ட் சிதறாது. கை டிரில்லில் 1 மில்லிமீட்டரில் தொடங்கி 2, பிறகு 3. மின்சார டிரில் வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் உருகி வாய் வீங்கும். உள்ளே ஆதாரம் இல்லாத வெற்றுக் கூடு என்பதால் 3 மில்லிமீட்டர் துளை வழியாக எம்-சீல் உருண்டை ஒன்றை உள்ளே தள்ளி, மேல் சுவரில் படும்வரை கம்பியால் அழுத்துங்கள். 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் லேசாக எண்ணெய் தடவி அதில் குத்தி, மாடலைத் தலைகீழாக ஒரு இரவு விடுங்கள். காலையில் கம்பியைச் சுழற்றி உருவினால் அச்சு அங்கேயே நிற்கும். வேண்டும்போது மாட்டலாம், வேண்டும்போது கழற்றலாம்.

திருவான்மியூர் 72 · நவம்பர் 2, இரவு 10.40

தலைகீழாக வைக்கும்போது பனிப் பட்டை எதன் மேலும் படக்கூடாது, அதன் மேல் கிளியர் இல்லை. இறக்கைகளின் அடியில் மட்டும் ஸ்பாஞ்சுத் துண்டு கொடுத்துத் தாங்குங்கள். பிட்டோ ஊசி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கட்டும்.